உறையாத இடம்

நவம்பர் கடைசியில் ராவன்ஷா பள்ளத்தாக்கில் முதல் உறைபனி விழுந்த காலையில்தான் மார்னி ஹார்கிரீவ்ஸ் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள். ரயில் நிலையத்தின் கார் நிறுத்துமிடம் முழுக்க உப்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. டிக்கெட் எந்திரத்துக்குப் பின்னால் ஓர் இடம் மட்டும், ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு, ஈரமாகக் கறுத்திருந்தது. ஏதாவது கார் நின்றுவிட்டுப் போயிருக்கும், எஞ்சின் சூட்டில் பனி உருகியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பக்கத்தை வேலைக்காகத் தடுப்பு வைத்து அடைத்து நாளாகிவிட்டது. அங்கே கார் வர வழியே இல்லை. குனிந்து கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு ஒன்றும் இல்லை, சில்லென்றுதான் இருந்தது. ஆனாலும் உறையவில்லை.

மார்னிக்குப் பத்தொன்பது வயது. அவளோடு படித்தவர்கள் எல்லாம் லீட்ஸ், நியூகாசில் என்று பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஒரு கட்டுமானக் கம்பெனியில் உயர்நிலை அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தாள். வாரத்தில் நாலு நாள் வேலை, ஒரு நாள் படிப்பு. இரண்டு வருஷம் முடிந்தால் புராஜெக்ட் மேனேஜ்மெண்டில் பட்டயம் கையில் வரும். வேலை கிடைத்த அன்றைக்கு அவள் அப்பா, "அப்போ நீ என்னதான் செய்வே? கட்டுவியா?" என்று கேட்டார்.

"கட்ட மாட்டேன்ப்பா. யாரு எதை எப்போ செய்யணும்னு பாத்துக்குவேன்."

"அதைத்தானே உங்கம்மா இத்தனை வருஷமா செய்யுறா. அவளுக்கு யாரும் பட்டயம் குடுக்கலியே."

ராவன்ஷா நிலையத்தில் இரண்டு பிளாட்பாரத்தையும் இணைக்கிற பழைய நடைபாலத்தை எடுத்துவிட்டு, லிப்ட் வைத்த புதுப் பாலம் போடுவதுதான் கம்பெனியின் வேலை. பாலத்தின் நடுப்பகுதியை வேறிடத்தில் செய்து கொண்டுவந்து, கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய கிரேனை நிறுத்தி, தண்டவாளத்துக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். அதற்கு ரயிலே ஓடாத நாள் வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஓடாது. அதை விட்டால் ஈஸ்டர்தான்.

அவளுடைய மேலாளர் டங்கன் பிரீஸ்ட்லி. எல்லோருக்கும் பிடித்த மனிதர். குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. அவள் அம்மாவின் முட்டிவலி எப்படியிருக்கிறது என்று ஞாபகமாக விசாரிப்பார். எதைக் கேட்டாலும், "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்பார். அப்படி ஒருவர் தன்னைக் கேட்பது மார்னிக்குப் புதிது, அதில் அவளுக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுக்கத்தான் செய்தது.

அன்று காலை தகரக் கொட்டகை ஆபீசுக்குள் நுழைந்ததும் அவரிடம் சொன்னாள்.

"டங்கன், கார் பார்க்கிங்ல ஒரு இடம் உறையவே இல்ல. கிரேனோட ஒரு கால் அங்கதான் வரும்னு தோணுது."

டங்கன் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல கண்ணு உனக்கு. இத்தனை பேரு நடக்குறாங்க, ஒருத்தரும் பாக்கல பாரு. சரி, இது உன்னோடது."

"என்னோடதுன்னா?"

"இதுக்கு நீதான் சொந்தக்காரி. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நீயே பாத்து முடி. உன் படிப்புக்கும் காட்டிக்கலாம்."

அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அலைச்சல் ஆரம்பித்தது. அடியில் குழாய் ஏதாவது கசிகிறதோ என்று குடிதண்ணீர் கம்பெனிக்கு போன் செய்தாள். பதிவு செய்துகொண்டோம் என்றார்கள். மறுபடி செய்தபோது, அங்கே எங்கள் குழாயே இல்லை, வேண்டுமானால் உங்கள் ஆட்கள் தோண்டிப் பார்க்கட்டும் என்றார்கள். தோண்டுவதற்கு டங்கனின் சம்மதம் வேண்டும். டங்கன் முடியாது என்று சொல்லவே இல்லை.

"தோண்டலாம், தாராளமா தோண்டலாம். ஆனா முதல்ல தண்ணிக்காரங்ககிட்ட உறுதியா ஒரு பதிலை வாங்கிரு. இல்லேன்னா நம்மளை எதுக்குத் தோண்டினேன்னு கேப்பாங்க."

கோடையில் மண் பரிசோதனை செய்தவரைப் பிடித்தாள். நாலு மூலையிலும் துளை போட்டோம், நல்ல கெட்டித் தரை, சான்று கொடுத்தாயிற்று என்றார் அவர். நடுவில் போட்டீர்களா என்று கேட்டாள். நடுவில் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்றார்.

பனி விழுந்த ஒவ்வொரு காலையிலும் அந்த வட்டம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. டிசம்பர் பாதியில் அதன்மேல் ஒரு காரை நிறுத்தலாம் போலிருந்தது. ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முழங்காலிட்டுத் தாரில் காதை வைத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்று, "ரயிலு வருதான்னு கேக்குறியா கண்ணு? இந்த லைன்ல காதை வெச்சாலும் வராது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மார்னியும் சிரித்தாள். ஆனால் காதை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து விட்டுவிட்டு மறந்து போனதுபோல ஒரு சத்தம், மெலிதாக, நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மான்செஸ்டரிலிருந்து வட்டாரத் தலைவி ரோவீனா வந்தார். கொட்டகையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்த ரோவீனா, "கிரேன் நிக்கிற தரை?" என்றார்.

"அது மார்னி கையில இருக்கு," என்றார் டங்கன்.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"எனக்கு இன்னும் உறுதியாத் தெரியல," என்றாள் மார்னி. "கீழே தண்ணி ஓடுற மாதிரி…"

"இவ எப்பவும் இப்படித்தான், ரொம்பக் கவனம்," என்று டங்கன் அன்பாக இடைமறித்தார். "அதனாலதான் இவகிட்ட குடுத்தேன். கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிருவா. பரிசோதனைச் சான்று இருக்கு, ரோவீனா, அதுல ஒரு பிரச்சினையும் இல்ல. இன்னொண்ணும் சொல்லிடுறேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கு இடத்துல நம்ம சார்பா மார்னிதான் நிக்கப் போறா. நான் போன்ல இருப்பேன். இந்த வயசுல யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வாய்ப்பு?"

கைதட்டினார்கள். ரோவீனாவும் தட்டினார். மார்னி சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் டங்கனிடம் போனாள்.

"அன்னிக்கு நீங்க வரவே மாட்டீங்களா?"

"நான் வந்தா எல்லாரும் என்னைத்தானே பாப்பாங்க. நீ எப்போ வளர்றது?"

வீட்டில் அம்மா குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "கிறிஸ்துமஸ் அன்னிக்கா? வான்கோழியை நானும் உங்கப்பனும் மட்டும் தின்னு முடிக்கணுமா?" என்றாள்.

"சாயங்காலம் வந்துருவேம்மா. எனக்குப் பெரிய பொறுப்பு குடுத்திருக்காங்க."

"நல்லதுதான்டி. அந்த ஆளு அப்போ எங்க இருப்பாராம்?"

"வீட்ல."

அம்மாவின் கை ஒரு நிமிஷம் கண்ணாடியிலேயே நின்றது. பிறகு மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

கிறிஸ்துமஸ் காலையில் பனி விழவில்லை. மழைதான் பெய்தது, காலத்துக்கு ஒவ்வாத வெதுவெதுப்பான மழை. கார் நிறுத்துமிடம் ஒரே மாதிரி கறுத்துப் பளபளத்தது. அவள் இத்தனை நாளாகப் பார்த்துப் பழகிய வட்டம் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. டிக்கெட் எந்திரத்தைக் குறியாக வைத்து மனதுக்குள் அளந்து பார்த்தாள். கிரேன் ஏற்கனவே நடுவில் வந்து நின்று, நான்கு பக்கமும் காலை நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்க இடது காலுக்கு அடியில் கனமான இரும்புத் தகடுகளைப் போட்டிருந்தார்கள். அவள் அளந்த கணக்கு சரியென்றால் வட்டம் அந்தத் தகடுகளுக்கு அடியில்தான் இருந்தது.

தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர் ஷோனா என்ற ஸ்காட்லாந்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். தலைக்கவசத்தின் மேல் கிறிஸ்துமஸ் விருந்தில் போடுகிற காகிதக் கிரீடம் ஒன்றை மாட்டியிருந்தாள், மழையில் அதன் சிவப்புச் சாயம் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. மார்னி அவளிடம் போய், அந்தக் காலைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"முடியாது. தள்ளி வெச்சா பாலம் எட்டாது. ஏன் கேக்குறே?"

"அதுக்கு அடியில ஏதோ இருக்குன்னு நினைக்கிறேன்."

"என்ன இருக்கு?"

"தெரியல. காலியா இருக்கலாம்."

ஷோனா தரையைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் தகடுகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"இதோ பாரு பொண்ணே. உங்க கம்பெனி எனக்கு ஒரு சான்று குடுத்திருக்கு, தரை நல்லா இருக்குன்னு. நீயும் அதே கம்பெனி. இப்போ வந்து நல்லா இல்லேங்குறியா? சொல்றதுன்னா முழுசா சொல்லு, கிரேனை மடக்கிட்டு வீட்டுக்குப் போறோம். அரைகுறையா சொல்லிட்டு என் தலையில கட்டாதே."

மார்னி டங்கனுக்கு போன் செய்தாள். எடுத்ததும் பின்னால் குழந்தைகளின் சத்தமும் தட்டுகளின் சத்தமும் கேட்டன. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ என்ன நினைக்கிறே?" என்றார்.

"நிறுத்தணும்னு நினைக்கிறேன். ஆனா எனக்கு நிச்சயமா தெரியல. நீங்க சொல்லுங்க."

"நான் இங்க இருக்கேன் மார்னி, நீ அங்க இருக்கே. நீ பாக்குறதை நான் பாக்கல. இன்னிக்கு விட்டா ஈஸ்டர், அது உனக்குத் தெரியும். சான்று இருக்கு, அதுவும் தெரியும். உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். நான் உன் பக்கம்தான்."

"செய்யின்னு சொல்றீங்களா, வேண்டாம்னு சொல்றீங்களா?"

"நான் உன்னை நம்புறேன்னு சொல்றேன். சரி, சாப்பாடு ஆறுது. ஆனதும் ஒரு சேதி அனுப்பு."

போன் ஓய்ந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யாராவது வந்து அவளை ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் தேவலை என்றிருந்தது. யாரும் வரவில்லை. கிரேனைச் சுற்றி ஆட்கள் மழையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அந்தத் தகட்டின் மேலேயே உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் லாரியில் பாலம் கட்டி வைத்தபடி கிடந்தது.

"வேண்டாம்," என்றாள்.

"கேக்கல."

"வேண்டாம் ஷோனா. இன்னிக்குத் தூக்க வேண்டாம். நான் முழுசாத்தான் சொல்றேன்."

ஷோனா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய், கிரேனை மடக்கச் சொன்னாள். சாண்ட்விச் தின்றவன் எழுந்து வந்து, "என் பொண்ணு பரிசு பிரிக்கிறதைப் பாக்காம வந்தேன். எதுக்கு வந்தேன்னு அவகிட்ட என்ன சொல்ல? ஒரு ஸ்கூல் பொண்ணு பயந்துருச்சுன்னு சொல்லட்டா?" என்றான். மத்தியானத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். அவள் கடைசியாகப் படலைப் பூட்டும்போது கார் நிறுத்துமிடம் காலியாக, ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது. மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் போய் வான்கோழியைக் கொறித்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய் அழுதாள்.

புது வருஷம் பிறந்து ஆபீஸ் திறந்தபோது அவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ரோவீனா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, டங்கனைத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக டங்கன் வருத்தமாகத் தலையாட்டுவது தெரிந்தது. வெளியே வந்து அவள் மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பயந்துட்டே. தப்பில்ல. உன் வயசுல நானும் பயந்திருப்பேன். நான்தான் உன் மேல கூடுதலா வெச்சுட்டேன்னு ரோவீனாகிட்ட சொல்லிட்டேன். உன் படிப்பு பாதிக்காம பாத்துக்குறேன்."

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அதற்குப் பின் பல நாள் அவளே தன்னைச் சந்தேகப்பட்டாள். காதில் கேட்டது என் ரத்த ஓட்டமாக இருக்குமோ, பனி உறையாததற்கு வேறு காரணம் இருக்குமோ என்று படுக்கையில் புரண்டாள்.

ஈஸ்டருக்கு மறுபடி கிரேன் கொண்டுவர வேண்டும் என்றால் தரையைத் தோண்டிக் காட்டுங்கள் என்று ஷோனாவின் கம்பெனி கேட்டது. ஜனவரி மூன்றாவது வாரத்தில், வெயில் பளிச்சென்று அடித்த ஒரு காலையில், சின்னத் தோண்டும் எந்திரம் ஒன்று வந்தது. டங்கனும் மார்னியும் இன்னும் சிலரும் தடுப்புக்கு வெளியே நின்றார்கள். எந்திரம் தாரைக் கீறியது. இரண்டாவது முறை வாளியை இறக்கியபோது தார் உடையவில்லை, உள்ளே விழுந்தது. ஒரு கதவு அகலத்துக்குத் தரை சத்தமில்லாமல் காணாமல் போனது. கொஞ்சம் கழித்துத்தான் கீழேயிருந்து தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது.

எந்திரம் ஓட்டியவர் பின்னுக்கு எடுத்துக்கொண்டே போய், படலருகே நிறுத்திவிட்டு இறங்கினார்.

விளக்கு அடித்துப் பார்த்தார்கள். செங்கல் வளைவு போட்ட ஒரு பெரிய நிலவறை. ஆள் நிமிர்ந்து நிற்கலாம். வளைவின் பாதி இடிந்திருந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து வந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. தார்த் தோல் மட்டுமே மேலே மூடியிருந்திருக்கிறது. வருஷக்கணக்காக அதன்மேல்தான் ஊர் தன் கார்களை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய் வந்தது. யாரும் மார்னியிடம் நீ சொன்னது சரி என்று சொல்லவில்லை. அவளுக்கும் அது தோன்றவில்லை. தகட்டின் மேல் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்தவனின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

"பழைய சாயப்பட்டறை நிலவறை," என்றார் டங்கன் அவள் பக்கத்தில், மெதுவாக. "பட்டறையை இடிச்சப்போ இதை மண்ணு போட்டு மூடவே இல்ல."

மார்னி திரும்பிப் பார்த்தாள். "இங்க நிலவறை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. இந்த ஊருல எங்க தோண்டினாலும் ஏதாவது இருக்கும். ஒரு சின்ன சந்தேகம், அவ்வளவுதான்."

"எப்போலேருந்து?"

டங்கன் அவள் தோளில் லேசாகத் தட்டினார். "நல்ல வேலை செஞ்சே மார்னி. உன்னை நம்பி விட்டேன் பாத்தியா, வீண் போகல."

அந்த வாரமே ரோவீனாவும் மற்றக் கிளைக்காரர்களும் இருந்த ஒரு கூட்டத்தில் அவர் இதைப் பற்றிப் பேசினார். எங்கள் குழுவில் அப்ரண்டிஸ்கூட வேலையை நிறுத்தலாம், அந்த அளவுக்கு நான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றார். கைதட்டினார்கள். அவள் பெயரையும் சொன்னார், எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்து நின்றாள். தரை நன்றாக இருந்திருந்து அவள் நிறுத்தியிருந்தால் பயந்த பெண். தரை விழுந்து அவள் நிறுத்தாமல் இருந்திருந்தால் அங்கே பொறுப்பில் இருந்து பழியைச் சுமக்க வேண்டிய ஆள். விழாமல் பாலம் ஏறியிருந்தால் அவர் வளர்த்த பிள்ளை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர் நனைந்திருக்க மாட்டார் என்பது எழுந்து நின்ற அந்த நேரத்தில்தான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

பயிற்சிப் பிரிவில் கேட்டு ஹாலிபாக்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்கு மாறிக்கொண்டாள். காரணம் கேட்டார்கள். டங்கனுக்குச் சந்தேகம் இருந்தும் தோண்ட விடவில்லை என்று வாய்விட்டே சொன்னாள். எழுதிக்கொண்டவர், தனக்குச் சந்தேகம் இருந்ததாக டங்கன் சொன்னதற்கு வேறு யாராவது சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை. டங்கன் பிரிவு உபசாரத்துக்குக் கேக் வாங்கி வந்தார், அம்மாவின் முட்டியை விசாரித்தார். பாலம் ஈஸ்டருக்கு, நிலவறையைக் கான்கிரீட் போட்டு நிரப்பிய தரையிலிருந்து, ஒரு பிசகும் இல்லாமல் ஏறியது.

கோடைக் கடைசியில் புது அப்ரண்டிஸ்களுக்கு அறிமுக நாள் வைத்தார்கள். முந்தைய வருஷத்து அப்ரண்டிஸ் என்ற முறையில் மார்னியையும் கூப்பிட்டிருந்தார்கள். டங்கனுக்கு இந்த முறை கிடைத்திருந்தவள் இமோஜென் என்ற பெண், பள்ளி முடித்து நேராக வந்தவள், நெட்டையாக, துறுதுறுவென்று இருந்தாள். ஆற்றங்கரைச் சுவர் ஒன்றைப் பழுதுபார்க்கிற வேலையாம். மார்னி அவளைத் தேநீர் இடைவேளையில் தனியே ஜன்னலோரம் கூட்டிப்போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள்.

"அவரு உனக்கு எதையாவது குடுத்து இது உன்னோடதுன்னு சொன்னா, உடனே வாங்கிக்காதே. அன்னிக்கு நீங்க எங்க இருப்பீங்கன்னு முதல்ல கேளு. பதிலை எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லு."

இமோஜென் தலையைச் சாய்த்து, பொறுமையாக, கொஞ்சம் பரிதாபமாகவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தேங்க்ஸ் மார்னி," என்றாள். "நீங்க இதைச் சொல்வீங்கன்னு டங்கன் சொன்னாரு. உங்களுக்கு அந்தக் கிறிஸ்துமஸ் ரொம்பக் கஷ்டமாப் போச்சாமே. உங்ககிட்ட அன்பா நடந்துக்கச் சொன்னாரு."

மார்னி ஒரு துண்டுக் காகிதத்தில் தன் போன் நம்பரை எழுதி அவளிடம் நீட்டினாள். இமோஜென் மரியாதைக்கு வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, சிரித்துக்கொண்டே போனாள்.